துண்டு விரிக்காத விலை

சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கை பிடித்தபடி நிற்போம், கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும், துண்டுக்குள் விரல்கள் பேசும். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட என்ன விலை படிந்தது என்று தெரியாது. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு அப்பாவோடு இருட்டில் கிளம்பிப் போய் நான் கற்றுக்கொண்ட தொழில் இது. முப்பத்தைந்து வருடமாக ஆட்டுத் தரகுதான் எனக்குச் சோறு.

ஆனால் எங்கள் தாயில்பட்டிப் பக்கம் ஒருவருடைய நாய் இன்னொருவருடைய ஆட்டைக் கொன்றுவிட்டால், அங்கேயும் தரகனைத்தான் கூப்பிடுவார்கள். செத்த ஆட்டுக்கு விலை சொல்ல வேண்டும். அந்த இடத்தில் துண்டு தோளைவிட்டு இறங்கக் கூடாது என்பது அப்பா வைத்த வழக்கம். "சந்தையில வாங்குனவனும் வித்தவனும் ஆளுக்கொரு வண்டி ஏறிப் போயிருவான். இங்க ரெண்டு பேரும் நாளைக்கு ஒரே குழாயில தண்ணி பிடிக்கணும். அதனால விலையத் தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லு. ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் வாங்குனதா நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது" என்பார். இந்த வேலைக்கு அவர் தரகுக் காசு வாங்கியதில்லை. நானும் வாங்குவதில்லை.

எங்கள் ஊரில் நாய் ஆட்டைக் கடிப்பது பெரும்பாலும் பகலில்தான். காலையில் பட்டாசு ஆலை வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் தெருவில் கிழவிகளும் பால்குடிப் பிள்ளைகளும்தான் மிச்சம். சாயங்காலம் வேன் திரும்புகிற வரைக்கும் ஆடுகள் வீட்டுக்குப் பின்னால் கயிற்றில் நிற்கும், இல்லையென்றால் கண்மாய்க்கரையில் கருவேலங்காய் பொறுக்கிக்கொண்டு திரியும். அவிழ்த்துவிட்ட ஆடு ஓடித் தப்பிக்கும். கட்டிப்போட்ட ஆடு கயிறு எட்டுகிற மட்டும்தான் ஓடும். சாயங்காலம் மருந்துக் கறை கையோடு வீடு வந்து, அதே கையால் செத்த ஆட்டின் கழுத்துக் கயிற்றை அறுத்த பெண்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

போன உடனே விலை பேச உட்காரக் கூடாது. முதல் வேலை, சாகாமல் கிடக்கிற ஆடுகளைப் பார்ப்பது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சளை அப்பிக் கட்டுப் போடுவதற்கு நான் விடமாட்டேன். அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவார். கடிபட்ட அன்று ஒன்று, பிறகு 3, 7, 14, 28-ஆம் நாட்களில். ரத்தமும் எச்சிலுமாகக் கிடந்த ஆட்டைத் தூக்கியவர் கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் அவரும் கையைக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். செத்த ஆட்டை அறுத்துப் பங்கு போடலாம் என்று ஒருவராவது வந்து நிற்பார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன். நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதுதான் சரி. ஆனால் புதைப்பதற்கு முன்னால் இரண்டு தரப்பும் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். ஆடு மண்ணுக்குள் போனபின் பேசினால் அதன் எடையும் வயசும் ஆளுக்கு ஆள் மாறும்.

உடம்பைப் பார்த்தால் கடித்தது எது என்று ஓரளவு தெரியும். நரி குட்டியைத் தூக்கும், தின்னத்தான் வரும். வீட்டு நாய் பசிக்காகக் கொல்வது குறைவு. ஓடுகிற ஆட்டைக் கண்டால் அதற்கு ஒரு வேகம் வந்துவிடும். பின்தொடை, வாலடி, விலா, காது என்று கண்ட இடத்திலும் பல் பதிந்திருக்கும். நாலு ஆட்டைக் குதறிப் போட்டிருக்கும், ஒன்றையும் தின்றிருக்காது. எங்கள் பக்கம் வேட்டை நாய்க்குப் பேர்போன பூமி. சிப்பிப்பாறை என்ற ஊரே வெம்பக்கோட்டை வட்டத்தில்தான் இருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டார்கள். கன்னி நாய் முயலுக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அந்தக் கால்கள் ஓடுவதற்கென்றே வந்தவை. அதை வளர்க்கிறவர் அதற்குத் தகுந்த சங்கிலியும் வைத்திருக்க வேண்டும்.

நாய்க்காரர் முதலில் சொல்கிற வார்த்தை எந்த வீட்டிலும் ஒன்றுதான்: "எங்க நாய் இதுவரைக்கும் ஒரு ஆட்டையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல." அவர் பொய் சொல்வதில்லை. பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். சாத்தூர் கோர்ட்டில் தொழில் செய்கிற ஒரு வக்கீல் தம்பியிடம் இதைச் சொன்னபோது, சீமையிலும் இதே வழக்குத்தான் அண்ணாச்சி என்றார். இங்கிலாந்தில் பழைய சட்டப்படி, அந்த நாய் கடிக்கிற சுபாவம் உள்ளது என்று அதன் சொந்தக்காரனுக்கு முன்பே தெரியும் என நிரூபித்தால்தான் ஈடு கிடைக்குமாம். ஆடு வளர்ப்பவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து 1865-இல் அதை மாற்றினார்களாம். நாய் ஆட்டையோ மாட்டையோ கடித்தால், முதல் கடியாக இருந்தாலும் சொந்தக்காரன் கொடுக்க வேண்டும். அதையே 1906-லும் 1971-லும் வேறு வேறு சட்டமாக எழுதி வைத்துக்கொண்டார்கள் என்றார். எங்கள் ஊரில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்பா சொன்னதும் இதுதான்: "அந்த நாய்க்கு முதல் தடவை. அந்த ஆட்டுக்கும் முதல் தடவைதானப்பா."

நம்மூர்ச் சட்டத்தையும் அந்தத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வளர்ப்பு மிருகத்தைக் கவனக்குறைவாக விட்டால் பழைய தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291. ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது மனுச உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும்படி விட்டால் உள்ள பிரிவு. கோர்ட்டே தனியாக உத்தரவு போட்டாலொழிய அபராதம் கஜானாவுக்குப் போகும், ஆட்டுக்காரம்மா கைக்கு வராது. உரிமையியல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கலாம். ஓர் ஆட்டுக்காக வாய்தாவுக்கு வாய்தா ஆலைச் சம்பளத்தை விட்டுவிட்டு யார் அலைவார்கள்? இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். ஆத்திரத்தில் நாய்க்கு மருந்து வைத்தால், அது வேண்டுமென்றே ஒரு பிராணியைக் கொன்ற குற்றம். புதிய சட்டத்தில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஆட்டைப் பறிகொடுத்தவரே குற்றவாளியாக நிற்பார். சோளத்துக்குப் போடுகிற குருணை மருந்தைக் கறியில் பிசைந்து வைத்த ஒரு காட்டில், மறுநாள் நாயோடு காக்கையும் மயிலும் செத்துக் கிடந்ததை நான் நேரில் கண்டேன். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்டுக்காரர் பக்கம்தான் முதலில் உட்காருவேன். அந்தக் கோபம் இறங்கின பிறகுதான் விலை.

விலை சொல்வதில் நான் செய்த ஒரு தப்பை இங்கே எழுதியாக வேண்டும்.

தொண்ணூறுகளில், தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த நேரம். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் மட்டும் போனேன். தீப்பெட்டிக்கட்டு ஒட்டிப் பிழைக்கிற ஒரு அக்காவின் ஆடு. பால்கன்னி, கறுத்த உடம்பில் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. நான் சந்தைக் கண்ணோடு பார்த்தேன். உயிர் எடை 22 கிலோ இருக்கும், கறி 10 கிலோ தேறும், அன்றைய கறி விலைக்கு ஆயிரம் ரூபாய் என்றேன். நாய்க்காரர் மறு பேச்சில்லாமல் எடுத்து வைத்தார். நான் சரியாகச் செய்துவிட்டதாக எழுந்தேன். அந்த அக்கா காசை எண்ணவில்லை.

"கறிக்கடைக்காரர் சொல்ற விலையச் சொல்லிட்டீங்க தம்பி. நான் இத அறுக்கவா வளத்தேன்?"

ஆடு நாலு மாசச் சினை. வயிற்றைத் தொட்டாலே தெரியும். எனக்குத் தெரிந்தும் இருந்தது. கணக்கில் எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்பா ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் காய்ச்சலோடு என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தொழுவத்தில் நிறுத்தினார். அந்த அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். செத்த ஆட்டின் முதல் ஈத்து இரட்டைக் குட்டி, ஒரு கிடாயை விற்றுத்தான் மூத்தவளுக்கு வயசுக்கு வந்த சடங்கு. அடுத்த ஈத்தில் பெட்டை, அது இப்போது தொழுவத்தில் சினையாக நிற்கிறது. அதற்கடுத்த ஈத்துக் கிடாய்களில் ஒன்று ஆசுபத்திரிச் செலவுக்குப் போனது. கேட்டு முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "செத்தது ஒரு ஆடுன்னு உனக்கு யாரு சொன்னா?"

நாய்க்காரரிடம் திரும்பப் போய்ப் பேசினேன். பேசி முடித்த விலையை எப்படி மாற்றுவது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, தப்பு என்னுடையது. மறு வருடம் சந்தையில் ஒரு நல்ல பால்கன்னிப் பெட்டைக்குட்டி கிடைத்தது. வாங்கின விலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சும்மா கொடுத்தால் அந்த அக்கா வாங்கியிருக்க மாட்டார். காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தார்.

அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஒரு சொல்லைச் சொன்னார். சாவா மூவாப் பேராடு. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமானால் ஆடுகளைக் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதை இடையர் ஏற்றுக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டினதும் செத்ததும் போக, பிறக்கிற குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். எண்ணிக்கை குறையாது. அதனால்தான் அது சாகாத, மூப்படையாத ஆடு. கைத்தவறுதலாக ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால், ஊர்ச்சபை கூடி, செத்தவன் பேரில் விளக்கு எரிக்க ஆடு கொடு என்று தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகளும் இருக்கின்றன என்றார். கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா தொழுவத்தில் நின்று சொன்னதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு என் கணக்கு இப்படித்தான். வாயைத் திறந்து பல் பார்ப்பேன். பால்பல் குட்டி, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது. ரெண்டு பல்லும் நாலு பல்லும் உள்ள பெட்டைக்குத்தான் மதிப்பு அதிகம், இனி ஈனப்போகிறது அதுதான். கடை சேர்ந்த ஆட்டுக்குக் கறி விலையைவிடக் கொஞ்சம்தான் கூடும். வெள்ளாட்டுச் சினை ஐந்து மாதம். எத்தனை மாசச் சினை, போன ஈத்து ஒற்றையா இரட்டையா, பால்குட்டி நிற்கிறதா என்று கேட்பேன். தாயில்லாக் குட்டிக்குப் புட்டிப்பால் செலவு உண்டு, அதையும் சேர்ப்பேன். கிடாய் என்றால் எடைதான் கணக்கு, அதில் சிக்கல் இல்லை. கடிபட்டுப் பிழைத்த ஆடு கருச்சிதைந்து போகலாம் என்பதால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை உட்காருவோம் என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன்.

வாரத்து ஆடு என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் ஆட்டை வாங்கி இன்னொருவரிடம் வளர்க்கக் கொடுப்பார். தாய் கொடுத்தவருக்கு, பிறக்கிற குட்டிகள் ஆளுக்குப் பாதி. அப்படிப்பட்ட சினை ஆட்டை நாய் கடித்தால் சொந்தக்காரர் வந்து முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தினமும் குழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிழவி வாசலில் உட்கார்ந்திருப்பாள். நான் தாய் விலையையும் குட்டி விலையையும் தனித்தனியாகச் சொல்வேன். தாய் விலை சொந்தக்காரருக்கு, குட்டி விலையில் பாதி கிழவிக்கு. இதைச் சொல்லும்போது சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு நான் விலை சொல்வதில்லை. அதற்குக் காசு வாங்க யாரும் ஒப்பமாட்டார்கள். அதே நிறத்தில், ஊனம் இல்லாத ஒரு குட்டியை நாய்க்காரர் தேடிக் கொண்டுவர வேண்டும். தேடிப்பிடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

கொஞ்ச காலமாக எனக்குத் தெரியாத வகை ஒன்று வந்திருக்கிறது. கடித்தது யார் நாய் என்றே இல்லாத சாவுகள். தெருநாய் கூட்டமாக வந்து பட்டியில் புகுந்துவிடுகிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்ததைச் செய்தியில் பார்த்தேன். தெருநாய் கடித்த கால்நடைக்கும் அரசு ஈடு கொடுக்கும் என்று 2025-இல் அறிவித்தார்கள். நல்ல காரியம், அதற்காகப் போராடினவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அரசு தொகையில் ஆட்டுக்கு ஒரே விலைதான் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடிப் பக்கம் செத்த ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்றார்கள். ரெண்டு பல் சினை ஆட்டுக்கும் 4,000, பல் விழுந்த ஆட்டுக்கும் 4,000. பல்லையும் மடியையும் பார்த்து எழுத, ஆடு தெரிந்த ஒரு ஆளையும் டாக்டரோடு அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தெருநாய் எப்படி ஆட்டுக்கு வருகிறது என்பதையும் நான் பார்த்த ஒரு காலம் உண்டு. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தீபாவளி முடிந்து மூடிய ஆலைகள் அந்த முறை திறக்கவில்லை. நவம்பரில் பூட்டியது மார்ச் வரை பூட்டியே கிடந்தது. ஆலை வாசல்களில் மத்தியானச் சோற்று மிச்சத்தில் வளர்ந்த நாய்கள் எத்தனையோ உண்டு. நூறு டப்பா திறந்த இடத்தில் ஒரு டப்பாவும் இல்லை. அவை ஊருக்குள் வந்தன. வீட்டு நாய்க்கும் அந்த நாட்களில் அரைவயிறுதான். அந்த நாலு மாதத்தில் என் சந்தை வியாபாரம் இரட்டிப்பானது. சந்தோஷப்பட முடியவில்லை. பால்குடி மறக்காத குட்டியைக்கூட விற்றுத் தரச் சொல்லி வந்தார்கள்.

அந்த டிசம்பரில்தான் கிழக்குத் தெருவில் எதிரெதிர் வீடு. இரண்டு பெண்களும் ஒரே வேனில் ஏறி ஒரே ஆலைக்குத் திரி வெட்டப் போகிறவர்கள், முறைக்கு மதினியும் நாத்தனாரும். மதினியின் நாய் எதிர்வீட்டு நாத்தனாரின் நாலு பல் ஆட்டைக் கொன்றுவிட்டது. நான் போனபோது நாத்தனார் அரிவாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பல் பார்த்தேன், மடி பார்த்தேன், 11,000 ரூபாய் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். மதினி மறுக்கவில்லை.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. எங்கிட்ட பதினோரு ரூவா கூட இல்ல."

யாரிடமும் இல்லை, ஊருக்கே தெரியும். வட்டிக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதினியின் தொழுவத்தில் ஒரு செங்கன்னி நிறைசினையாக நின்றது. ஈனுகிற குட்டியில் பெட்டையை மூன்று மாதம் பால் குடிக்கவிட்டு எதிர்வீட்டுக்குக் கொடுப்பது, பாக்கியை ஆலை திறந்தபின் வாரம் 200 ரூபாயாகக் கழிப்பது, நாயை அன்றிலிருந்து பகலில் சங்கிலியில் போடுவது என்று பேசினோம். நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கல் கழித்து ஆடு ஈன்றது. ஒரு கிடாய், ஒரு பெட்டை. மார்ச்சில் ஆலை திறந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்க் கொடுத்தார். நானும் கூடப் போனேன். நாத்தனார் வாங்கி, செத்த ஆட்டின் முளைக்குச்சியிலேயே கட்டினார். இருவரும் அன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

ராத்திரி முழுக்க இந்த வீட்டில் தாய் கத்தியது, அந்த வீட்டில் குட்டி கத்தியது. தெருவில் யாரும் தூங்கவில்லையாம். விடியக்காலம் நாத்தனார் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மதினியின் தொழுவப் படலைத் திறந்து, தாயிடம் விட்டிருக்கிறார். குடித்து முடிக்கிற வரைக்கும் நின்று, திரும்பத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சாயங்காலம் வேனைவிட்டு இறங்கியதும் மறுபடியும். பத்துப் பதினைந்து நாள் இப்படியே நடந்தது. ஒரு நாள் நான் அந்தப் பக்கமாகப் போனபோது குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. சங்கிலியில் கிடந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. மதினி அதை ஓர் அதட்டு அதட்டிவிட்டு நாத்தனாரிடம், "குட்டிக்கு வயிறு ஒட்டிக் கெடக்கு, இன்னும் செத்த நேரம் குடிக்கட்டும்" என்றார்.